கண்ணாடி மங்கினால் மெஷினை நிறுத்துங்கள்

மரவேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் மூக்குக் கண்ணாடி போட்டவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் கூடுதல் பிரியம். மற்றவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். கண்ணாடிக்காரன் பட்டறையில் படுகிற பாடு இன்னொரு கண்ணாடிக்காரனுக்குத்தான் தெரியும். வேர்த்தால் வழுக்கும், குனிந்தால் நழுவும், துடைக்கலாம் என்று சட்டை நுனியை எடுத்தால் அதிலும் மரத்தூள். இது போதாது என்று மாஸ்க் வேறு போடச் சொல்கிறார்கள். போட்டால் கண்ணாடி மங்குகிறது. உனக்கு மூச்சு வேண்டுமா, பார்வை வேண்டுமா என்று யாரோ நம்மிடம் பேரம் பேசுகிற மாதிரி இருக்கும்.

நான் வயதாகி, வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்துவிட்டவன். அரியலூரில் ஒரு கதவு ஜன்னல் பட்டறையில் மெஷின் மேஸ்திரியாக இருந்தேன். பலகையை எப்படி அறுப்பது, எப்படி இழைப்பது என்றெல்லாம் உங்களுக்குச் சொல்லப் போவதில்லை. அதையெல்லாம் மெஷினே கற்றுக்கொடுத்துவிடும், கொஞ்சம் கடுமையாகவே. நான் ஒரு மாஸ்க் வாங்கிய கதையை மட்டும் சொல்கிறேன். இதில் நான் நன்றி சொல்ல வேண்டியவர்கள் சிலர் இருக்கிறார்கள். நேரில் சொன்னால் என்னைக் கிண்டல் செய்தே கொன்றுவிடுவார்கள், அதனால் எழுதிவைக்கிறேன்.

கொரோனா வந்து போய், ஊரே மாஸ்க்கைக் கழற்றி வீசிவிட்டு நிம்மதியாக மூச்சு விட்ட சமயம் அது. எனக்கு மட்டும் இருமல் விடவில்லை. முதலில் காலையில் எழுந்ததும் வந்தது. பிறகு படி ஏறினால் வந்தது. பிறகு போனில் நாலு வார்த்தை சேர்த்துப் பேசினாலே வந்தது. அரியலூரில் இருமலுக்குச் சாக்கு தேட வேண்டியதில்லை. சுண்ணாம்புக்கல் லாரி ஓடுகிற ரோட்டில் குடியிருக்கிறோம், இருமாமல் இருந்தால்தான் ஆச்சரியம் என்று சொல்லிவிடலாம். நானும் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தேன். என் மனைவி நம்பவில்லை.

"லாரி ஞாயித்துக்கிழமையுந்தான் ஓடுது. ஞாயித்துக்கிழமை நீங்க இருமறதே இல்லையே" என்றாள்.

அப்படியே பெரம்பலூருக்கு நெஞ்சு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். அவர் ஒரு குழாயில் என்னை ஊதச் சொன்னார். பலூன் ஊதத் தெரியாத பிள்ளை மாதிரி ஊதினேன். என்ன வேலை என்று கேட்டார். சொன்னேன்.

"தூசிக்கு மூஞ்சில என்ன கட்டுவீங்க?"

"துண்டு கட்டிக்குவேன் சார்."

"துண்டு வேர்வை தொடைக்க ஆவும். மரத்தூளுக்கு ஆவாது" என்றார். கண்ணுக்குத் தெரிகிற தூள் மூக்கிலேயே நின்றுவிடும், தெரியாத தூள்தான் நெஞ்சுக்குள் போய் உட்காரும் என்று பொறுமையாக விளக்கினார். கடைசியில், "நல்ல நேரத்துல வந்துட்டீங்க, இன்னும் பெருசா ஒண்ணும் கெட்டுப்போகல. நல்ல மாஸ்க்கா ஒண்ணு போடுங்க. முடியலைன்னா மரவேலைய விட்டுடுங்க" என்றார்.

எனக்கு முதல் பாதி காதில் விழுந்தது, என் மனைவிக்கு இரண்டாவது பாதி. அவளுடைய அண்ணன் குன்னத்தில் விதைக்கடை வைத்திருக்கிறார். மக்காச்சோளமும் பருத்தி விதையும் நன்றாக ஓடுகிற கடை. நம்பிக்கையான ஆள் ஒருவர் கடையில் உட்கார வேண்டும் என்று ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். நிழலில் உட்கார்ந்து செய்கிற வேலைதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வேங்கைப் பலகையை மெஷினில் விட்டதும் உள்ளேயிருந்து ஒரு சிவப்பு எழும்பி வருமே, அதைப் பார்க்காமல் என் பொழுது எப்படிப் போகும் என்று எனக்குப் பயமாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஆஸ்பத்திரி வாசலில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அவள் பார்த்துவிட்டாள். கொஞ்சம் இறங்கி வந்தாள். "சரி, மாஸ்க் போட்டுப் பாருங்க. இருமல் நின்னுச்சுன்னா பட்டறையிலயே இருங்க. நின்னுட்டு மறுபடியும் வந்துச்சுன்னா பேச்சே கெடையாது, குன்னந்தான்" என்றாள்.

ஒத்துக்கொண்டேன். பஸ் ஸ்டாண்டில் நின்றபோது என் பங்குக்கு ஐயப்பனிடமும் ஒரு வார்த்தை போட்டுவைத்தேன். என் மூச்சைச் சரியாக்கு, மாலை போட்டு மலைக்கு வருகிறேன் என்று. அந்த வேண்டுதல் என்னை என்ன பாடு படுத்தப் போகிறது என்று அப்போது தெரியாது.

வீட்டில் கொரோனா காலத்து மாஸ்க் ஒரு பை நிறைய மிச்சம் இருந்தது. எல்லாம் காதில் மாட்டுகிற வகை. மரவேலைக்காரனின் காது ஏற்கெனவே ஆள் குடியிருக்கும் இடம். ஒரு பக்கம் பென்சில், இரண்டு பக்கமும் கண்ணாடிக் கம்பி. அதற்கு மேல் மாஸ்க் கயிறும் குடிவந்தால் என்ன ஆகும்? பென்சிலை எடுத்தால் கயிறு வந்தது, கயிறோடு கண்ணாடி வந்தது. ஒரு நாள் மூன்றும் ஒன்றாகத் தூள் குவியலில் போய் விழ, ஆரோக்கியமேரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

மேரி எங்கள் பட்டறையில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிற வேலை பார்த்தவர். திருமானூர்ப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருவார். நான் பலகை அறுக்கும்போது மறுமுனையைத் தாங்கிப் பிடிப்பதும் அவர்தான். வயதில் எனக்குத் தங்கை மாதிரி, பட்டறையில் வா போ என்றுதான் கூப்பிடுவேன். ஆனால் இங்கே அவர் இவர் என்றுதான் எழுதுவேன். ஏன் என்று போகப் போகத் தெரியும்.

காதுப் பிரச்சினையைவிடப் பெரிய பிரச்சினை மங்கல். மூச்சு விட்டால் கண்ணாடி வெள்ளையாகிவிடும், பென்சில் கோடு காணாமல் போய்விடும். நான் என்ன செய்தேன்? நம் ஊரில் எல்லாரும் செய்வதைச் செய்தேன். மாஸ்க்கை நாடிக்கு இறக்கிவிட்டுக்கொண்டேன். முதலாளி வந்தால் மேலே ஏற்ற வசதியான இடம் அது.

அப்புறம் டீக்கடையில் ஒருவர் ஒரு வித்தை சொன்னார். குளிக்கிற சோப்பைக் கண்ணாடியில் லேசாகத் தடவி, துணியால் தேய்த்துவிட்டால் மங்காது என்று. செய்தேன். நிஜமாகவே மங்கவில்லை! எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சட்டைப் பையில் சோப்புத் துண்டோடு அலைந்தேன். காலையில் பட்டறைக்கு வந்ததும் முதல் வேலை கண்ணாடிக்குச் சோப்பு போடுவதுதான். ஆனால் இருமல் குறையவில்லை. மாஸ்க் வேலை செய்யக் கொஞ்ச நாள் ஆகும் போல என்று நினைத்துக்கொண்டேன்.

இந்தச் சமயத்தில்தான் பாய் எங்கள் பட்டறைக்கு வந்தார். லப்பைக்குடிக்காட்டுக்காரர். வளைகுடா நாட்டில் ஒரு பெரிய மரப் பட்டறையில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு, போதும் என்று ஊரோடு வந்துவிட்டவர். எங்களிடம் கதவு மாட்டுகிற வேலைக்குச் சேர்ந்தார். பெயரை எழுதினால் அவருக்குப் பிடிக்காது. பட்டறைக்கே அவர் பாய்தான், இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

ஒரு காலையில் நான் சோப்பும் கையுமாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்தார்.

"என்ன மேஸ்திரி, கண்ணாடிக்குக் குளிப்பாட்டு நடக்குதா?"

நான் பெருமையாக வித்தையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"அது எதனால மங்குதுன்னு யோசிச்சீங்களா?"

"மூச்சு விட்டா மங்காதா பாய்?"

"மாஸ்க் மூஞ்சில ஒழுங்கா ஒட்டியிருந்தா மூச்சு எப்படிக் கண்ணாடிக்குப் போவும்? மூக்கோரத்துல சந்து இருக்கு, அது வழியாப் போவுது. நீங்க மூச்சு இழுக்குறப்ப அதே சந்துல தூளு உள்ள வரும்ல? கண்ணாடி பாவம், ஒங்ககிட்ட சொல்லிக்கிட்டே இருந்திருக்கு. நீங்க அது வாயில சோப்ப வச்சு அடைச்சுட்டீங்க."

சோப்புத் துண்டைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சின்ன வயதிலிருந்து இந்தக் கண்ணாடியை ஒரு தண்டச் சுமையாகத்தான் நினைத்திருந்தேன். மாஸ்க் ஒழுகுகிறது என்று எனக்குச் சொல்ல ஒரு ஆள் மூக்கின் மேலேயே உட்கார்ந்திருந்திருக்கிறான். கண்ணாடி போடாதவனுக்கு அதைச் சொல்ல யாருமே இல்லை. அன்றைக்குத்தான் எனக்கு என் கண்ணாடி மேல் முதன்முதலாக மரியாதை வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாய் என்னைப் பெரம்பலூரில் ஒரு கடைக்கு அழைத்துப் போனார். தொழிற்சாலைகளுக்குக் கையுறை, பூட்ஸ், மாஸ்க் விற்கிற கடை. கிளம்பும்போதே கண்ணாடி போட்டிருக்கிறேனா, காதில் பென்சில் இருக்கிறதா என்று பார்த்தார். கடையில் மாஸ்க்கைக் கண்ணாடியோடு போடச் சொன்னார். போட்டுக்கொண்டு நேராக நின்றால் விடமாட்டார். "மெஷின்ல இப்படியா நிப்பீங்க? குனிங்க. தலைய அந்தப் பக்கம் திருப்புங்க. மேரிய சத்தமாக் கூப்புடுங்க" என்றார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு கடைக்கு நடுவில் குனிந்துகொண்டு "ஏ மேரி, புடி புடி" என்று கத்தினேன். கடைக்காரர் கல்லாவை விட்டு எழுந்து வந்துவிட்டார்.

"சார், மாஸ்க் வாங்க வந்தீங்களா, கூத்து கட்ட வந்தீங்களா?"

"ரெண்டுந்தான் பாய்" என்றார் எங்கள் பாய். கடைக்காரரும் பாய்தான்.

கிண்ணம் மாதிரி இருக்கும் மாஸ்க் ஒன்று நன்றாகத்தான் இருந்தது, தலைக்குப் பின்னால் மாட்டுகிற பட்டையும் இருந்தது. ஆனால் அதன் மூக்குக் கம்பி என் கண்ணாடி உட்காருகிற இடத்திலேயே உட்கார்ந்தது. கண்ணாடி மேலே தூக்கிக்கொண்டு, கோடு இரண்டாகத் தெரிந்தது. வேறொன்றில் கன்னத்தோரம் காற்று அடித்தது. கடைசியில் ஒரு ரப்பர் மாஸ்க் கிடைத்தது. இரண்டு பக்கமும் வட்டமாக வடிகட்டி, விடுகிற மூச்சு கீழ்நோக்கிப் போக ஒரு வழி, கட்டுகிற பட்டை பிடரியில். மூக்கின் மேல் கண்ணாடிக்கு இடம் விட்டு, கொஞ்சம் கீழேயே நின்றுவிட்டது. பாய் வடிகட்டி இரண்டையும் உள்ளங்கையால் பொத்திக்கொண்டு மூச்சு இழுக்கச் சொன்னார். மாஸ்க் அப்படியே முகத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது.

"இதான் ஒங்க மூஞ்சிக்கு. எனக்கு இது ஆவாது, தாடில ஒட்டாது. அதனாலதான் நான் அங்கயும் மெஷின் பக்கம் போனதில்ல, மாட்டுற வேலையோட நின்னுக்கிட்டேன்" என்றார்.

நான் தினம் சவரம் செய்கிறவன். அதனால் அந்தப் பேச்சைக் காதில் வாங்கியதோடு சரி.

கொஞ்ச நாளில் இருமல் குறைந்தது. பிறகு நின்றே போய்விட்டது. என் மனைவி குன்னத்தைப் பற்றிப் பேசுவதை விட்டாள். சொன்ன வாக்குப்படி கார்த்திகை பிறந்ததும் மாலை போட்டுக்கொண்டேன். மாலை போட்டால் மலைக்குப் போய் வருகிறவரை முகத்தில் கத்தி படக் கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். பட்டறையில் பாயைத் தவிர ஆண்கள் எல்லாருமே அந்த வருடம் மாலை போட்டிருந்தோம். முதலாளியும்தான்.

அப்போது எங்கள் கையில் இருந்தது வரதராசன்பேட்டைப் பக்கத்தில் ஒரு மாதா கோயிலுக்குத் தலைவாசல் கதவு. நல்ல வேங்கை. கிறிஸ்துமஸுக்கு முன்னால் மாட்டிக் கொடுத்தாக வேண்டும். ஐயப்பனுக்கு மாலை போட்டவன் மாதா கோயில் கதவை அறுக்க, பாய் போய் அதை மாட்ட, சினிமாவில் வருகிற மாதிரி இருக்கிறதே என்று சிரிக்காதீர்கள். எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் இது அன்றாடம் நடப்பதுதான்.

தாடி வளர்ந்தது. கண்ணாடி மறுபடியும் மங்க ஆரம்பித்தது. கார்த்திகை மாசத்து மழையும் குளிரும்தான் காரணம் என்று முடிவு கட்டினேன். சாக்குச் சொல்ல எனக்கு எப்போதும் ஒரு லாரி கிடைத்துவிடும், பாருங்கள். இந்த முறை சோப்பு போடவில்லை, அந்த மட்டுக்கும் எனக்குப் புத்தி வந்திருந்தது. மங்கினால் துடைத்துக்கொண்டு வேலை செய்தேன்.

இருமலும் வந்தது. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு உள்ளே இருமினேன். ஒரு காலையில் வெளியே வந்தால் என் மனைவி கதவருகில் நின்றிருந்தாள்.

"கொழாயத் தொறந்து வச்சா கேக்காதுன்னு நெனைச்சீங்களா?"

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"அண்ணன்கிட்ட சொல்லிடட்டுமா?" அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"மலைக்குப் போயிட்டு வந்துடுறேன். அப்புறம் நீ சொல்றதுதான்" என்றேன். அன்றைக்கு பஸ்ஸில் உட்கார்ந்து போகும்போது, இந்தக் கதவுதான் என் கடைசிக் கதவு என்று நினைத்துக்கொண்டே போனேன்.

அந்த நினைப்போடுதான் மெஷினில் நின்றேன். கதவின் நிலைக்கால் பலகை, எங்கள் ஊரில் மாற்றுப் பலகை கிடைக்காத நீளம். நான் இந்த முனையில் தள்ள, மேரி அந்த முனையில் தாங்கிக்கொண்டிருந்தார். பாதிப் பலகை போனதும் கண்ணாடி மங்கியது. கோடு போய்விட்டது. இரண்டு கையும் பலகையில் இருக்கிறது, துடைக்க முடியாது. நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் எத்தனையோ வருடம் பழகிய கை இருக்கிறதே, அது என்ன சொன்னது தெரியுமா? எனக்கு வழி தெரியும், நீ தள்ளு என்றது. புதிதாக வந்த உங்களுக்கு இந்த ஆபத்து இப்போது இல்லை. வேலை நன்றாகக் கைவந்த பிறகுதான் வரும். தள்ளினேன்.

"அண்ணே, நிறுத்துங்க! நிறுத்துங்கண்ணே!"

மேரி போட்ட சத்தத்தில் கை தானாகச் சுவிட்சைத் தட்டிவிட்டது. ரம்பம் நின்ற பிறகு மாஸ்க்கையும் கண்ணாடியையும் கழற்றி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். வெட்டு கோட்டை விட்டு விலகி ஓடியிருந்தது. என் இடது கை எங்கே இருந்தது என்பதையும் பார்த்தேன். அதை எழுத எனக்கு இப்போதும் மனசு வரவில்லை.

"கோட்ட விட்டுப் போவுது, நீங்க அதப் பாக்கவே இல்ல. எனக்கு ஈரக்கொல நடுங்கிப் போச்சுண்ணே" என்றார் மேரி. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பாய் ஓடிவந்தார். பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மாஸ்க்கப் போடுங்க. ரெண்டு பக்கமும் பொத்துங்க. இழுங்க" என்றார். இழுத்தேன். மாஸ்க் ஒட்டவில்லை. கன்னத்தோரம் தாடிக்குள்ளே புகுந்து சில்லென்று காற்று வந்தது.

"சாமி, கோச்சுக்காதீங்க" என்றார் பாய். மாலை போட்ட பிறகு அவரும் என்னைச் சாமி என்றுதான் கூப்பிட்டார். "தாடி."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மூச்சுக்காக வேண்டிக்கொண்டேன். அந்த வேண்டுதலுக்காகத் தாடி வளர்த்தேன். அந்தத் தாடி வழியாகத்தான் தூள் உள்ளே போய்க்கொண்டிருந்தது. ஐயப்பனே கேட்டிருந்தால் சிரித்திருப்பார்.

முதலாளி வந்தார். நல்ல மனிதர், ஆனால் கிறிஸ்துமஸ் அவர் கழுத்தில் உட்கார்ந்திருந்தது. "இன்னும் கொஞ்ச நாள்தான சாமி. மெதுவா ஓட்டிடுங்க" என்றார். வேறொருவர், தாடியை எடுத்துவிட்டு ஒரு பரிகாரம் செய்துகொள்ளலாம் என்றார். தூளை வடிகட்டிக் காற்றை உள்ளே ஊதுகிற, விசிறி வைத்த தலைக்கவசம் ஒன்று உண்டு, அதற்குத் தாடி இருந்தாலும் பரவாயில்லை என்று பாய் சொன்னார். ஆனால் இந்தப் பக்கத்தில் அப்போது அது எங்கே கிடைக்கும் என்று யாருக்கும் தெரியவில்லை.

ஒரு டீயை வாங்கிக்கொண்டு பலகை அடுக்கின் மேல் போய் உட்கார்ந்தேன். வாக்கு நான் கொடுத்தது, அதை மீற எனக்கு மனமில்லை. மெதுவாக ஓட்டினாலும் தூள் தூள்தான், மங்கல் மங்கல்தான். அந்தக் கதவு நான் இருந்தால்தான் முடியும் என்று முதலாளி நினைக்கிறார், நானும் நினைக்கிறேன். நிஜமாகவே அப்படியா என்று அன்றைக்குத்தான் என்னை நானே கேட்டேன். எதிரில் மேரி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். நான் பார்க்காத கோட்டை மறுமுனையிலிருந்து பார்த்தவர் அவர். என் பக்கத்தில் நின்று சின்னச் சட்டங்களை அறுத்துப் பழகியவரும்கூட. டீயை முழுதும் குடிக்காமல் எழுந்தேன்.

"சார், நான் மெஷின விட்டு எறங்கிக்கிறேன். மேரி ஓட்டட்டும்."

"பொம்பளைய மெஷின்ல நிறுத்தச் சொல்றீங்களா? ஏதாச்சும் ஆயிட்டா?"

"ஆவ இருந்தத இப்பத் தடுத்ததே அதுதான் சார்."

முதலாளி மேரியைப் பார்த்தார். மேரி எழுந்து புடவை மேல் போட்டிருந்த சட்டையைத் தட்டிக்கொண்டார்.

"சார், எனக்குத் தாடி மொளைக்காது. இந்தப் பட்டறையில இன்னிக்கு மெஷின்ல நிக்கறதுக்கு வேற யாருக்கு அந்தத் தகுதி இருக்கு, சொல்லுங்க?"

முதலாளி தன்னையறியாமல் தன் தாடியைத் தடவினார். சுற்றி நின்ற சாமிகளைப் பார்த்தார், பாயைப் பார்த்தார். எல்லாருக்கும் தாடி. அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். சிரித்த பிறகு மறுக்க முடியவில்லை.

மேரிக்கு மாஸ்க் வாங்க மறுபடியும் அதே கடைக்குப் போனோம். கடைக்காரர் எங்களைப் பார்த்ததுமே நாற்காலியை நகர்த்தி இடம் விட்டார். மேரியின் முகம் சின்னது. என் மாஸ்க் அளவு அவருக்குக் கன்னத்தில் நிற்கவில்லை. அவர் கண்ணாடி போடாதவர், ஒழுகினால் எப்படித் தெரியும்? பாய் பவர் இல்லாத வெள்ளைக் கண்ணாடி ஒன்றை எடுத்து மாட்டி, மூச்சு விடச் சொன்னார். மங்கியது. சின்ன அளவு போட்டபோது மங்கவில்லை. அந்தக் கண்ணாடியையும் சேர்த்து வாங்கினோம். கண்ணில் மரச்சில்லு தெறிக்காமலும் அது பார்த்துக்கொண்டது. பிறகு பட்டறையில் எல்லாருமே ஆளுக்கொன்று வாங்கிப் போட ஆரம்பித்தார்கள். காலையில் மாஸ்க்கை மாட்டி, கண்ணாடியை மாட்டி, ஊதிப் பார்த்துவிட்டுத்தான் சுவிட்சைத் தொடுவது என்று வழக்கமாகிவிட்டது.

கெட்டுப்போன நிலைக்காலைக் குட்டைச் சட்டங்களுக்கு ஒதுக்கினோம். திருச்சியிலிருந்து வேறு பலகை வரவழைத்தார் முதலாளி. மேரி அறுத்தார். நான் தூள் பறக்காத இடத்தில், வெளியே நின்று கீல் பொருத்தினேன். வாய் சும்மா இருக்குமா? அங்கிருந்தே "மெதுவா, மெதுவா" என்று கத்திக்கொண்டிருந்தேன். "சாமி, சரணம் சொல்லிக்கிட்டே அந்தப் பக்கம் போங்க" என்றார் மேரி. போனேன். கிறிஸ்துமஸுக்கு முன்னால் பாயும் நானும் போய்க் கதவை மாட்டினோம். ஒரு விரலால் தள்ளினால் சத்தமில்லாமல் திறந்தது. மேரி பின்னால் நின்று பார்த்தார், சிலுவை போட்டுக்கொண்டார்.

அதன் பிறகு மேரி மெஷினை விட்டு இறங்கவே இல்லை. நான் ஓய்வு பெற்றதிலிருந்து அந்தப் பட்டறையின் மெஷின் மேஸ்திரி அவர்தான்.

மாஸ்க் வாங்கப் போகிற உங்களுக்கு ஆகவேண்டியது எல்லாம் இந்தக் கதையிலேயே வந்துவிட்டது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டே கடைக்குப் போங்கள். குனிந்து பாருங்கள், கத்திப் பாருங்கள், பொத்தி இழுத்துப் பாருங்கள். நண்பனுக்குப் பொருந்தியது உங்களுக்குப் பொருந்தும் என்று நம்பி வாங்காதீர்கள். தாடி வைக்க ஆசை இருந்தால் வையுங்கள், அழகாகத்தான் இருக்கும், ஆனால் அதற்கேற்ற தலைக்கவசம் இப்போது கிடைக்கிறது, அதை வாங்கிக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் அந்த நாட்களில் தூள் பறக்கிற இடத்தை வேறொருவருக்கு விட்டுக்கொடுங்கள். விட்டுக்கொடுத்தால் மரியாதை போய்விடாது. எனக்குப் போகவில்லை. கண்ணாடி மங்கினால் மட்டும் தயவுசெய்து மெஷினை நிறுத்துங்கள், பிறகு யோசியுங்கள்.

மலைக்குக் கிளம்புவதற்கு முன் என் மனைவி என்னை மறுபடியும் டாக்டரிடம் கூட்டிப்போனாள். தூளை விட்டுத் தள்ளி நின்ற நாட்களில் இருமல் அடங்கியிருந்தது. ஏற்றத்தில் மூச்சு பிடித்தால் உறிஞ்சிக்கொள்ள ஒரு இன்ஹேலர் எழுதிக்கொடுத்தார். அவள் அதை அட்டைப் பெட்டியோடு ஒரு கவரில் போட்டு, என் தோள்பைக்குள் வைத்தாள். "கூச்சப்படாம எடுத்து இழுங்க. யாரு பாத்தா என்ன" என்றாள். நான் திரும்பி வந்ததும் விதைக்கடை விஷயமாகப் பேச அவள் அண்ணன் வருவதாக ஏற்பாடு.

ஏற்றத்தில் ஒவ்வொரு அடிக்கும் இருமலை எதிர்பார்த்துக்கொண்டே ஏறினேன். என்னைவிட இளையவர்கள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள், நானும் அவர்களோடு நின்றேன், அவர்களோடு நடந்தேன். மூச்சு வாங்கியது, ஆனால் அது எல்லாருக்கும் வாங்குகிற மூச்சுதான். சந்நிதியில் தள்ளுகிற கூட்டத்தில் எனக்குக் கேட்க ஒன்றும் தோன்றவில்லை. பாய், மேரி, அந்த டாக்டர், வீட்டில் இருக்கிறவள் என்று முகங்கள்தான் வந்தன. எல்லாருக்குமாகச் சேர்த்து ஒரு கும்பிடு போட்டேன், அதற்குள் நகர்த்திவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்தபோது அவள் வாசலில் நின்றிருந்தாள். எப்படி இருந்தது என்று கேட்கவில்லை. தோள்பையை வாங்கி, அங்கேயே திறந்து, அந்தக் கவரை எடுத்தாள். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதன் வாயில் ஒட்டியிருந்த காகிதம் பிரிக்காமல் ஒட்டியபடியே இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உள்ளே போய் அண்ணனுக்குப் போன் போட்டு, கடைக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்வது எனக்குக் கேட்டது. பிறகு வெளியே வந்து, இன்னும் வாசலிலேயே நின்றிருந்த என்னைப் பார்த்தாள்.

"நின்னுக்கிட்டே இருக்கீங்களே. மாலையக் கழட்டிட்டு, போயி மூஞ்சிய வழிச்சுட்டு வாங்க. பட்டறைக்கு நேரமாவுதுல்ல."